அக்கம்பக்கம்

வேப்பேரியில் ஓர் அச்சகம்.
நான் அங்கே வெட்டுகிறவன்.
பெரிய தாளில் முப்பத்திரண்டு வசனம் வரும்.
பொத்தானை அழுத்தினால் கத்தி இறங்கும்,
வாக்குத்தத்த அட்டைகள் விழும்:
ஓரத்தில் திராட்சைக்கொடி, நடுவில் ஒரு வரி.
பத்தொன்பது வருஷமாக.
வசனங்களை எனக்கு எண்ணோடு தெரியும்.
அவற்றின் அக்கம்பக்கம் தெரியாது.

அதனால்தான் கமிட்டியில் எனக்கு மரியாதை.
யாரைக் கண்டிக்க வேண்டுமானாலும்
"சற்குணம், ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள்.
கம்மல் போட்டவளுக்கு ஒன்று,
கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவனுக்கு ஒன்று,
ஞாயிற்றுக்கிழமை பைக்கில்
பிரியாணி கொண்டுபோகும் லாசர் மகனுக்கு
ஒன்றரை.

மார்கழியில் ஒரு படம் வந்தது
தேவவரம் அண்ணனின் செல்போனில்.
புரசைவாக்கத்துக் கோயில் வாசல்,
விடிந்தும் விடியாத நேரம்,
சாக்கு விரித்து ஞானப்பூ.
நம்ம சபை ஞானப்பூ.
மடியில் அரளி, சாமந்தி, துளசி,
விரலிடுக்கில் வாழைநார்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்,
அவள் முகம் சதுரம் சதுரமாக உடையும்வரை.

ஆராதனை முடிந்து
ஃபேன் சத்தத்துக்கு மேல் பேசினோம்.
சிலைக்குப் பூக் கட்டுகிற கை
திருவிருந்துக்கு நீளலாமா?
எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
ஒரு வரி எடுத்துக் கொடுத்தேன்,
விளிம்பு சுத்தமாக, பிசிறில்லாமல்.

அவளிடம் சொன்னதும் நான்தான்.
ஐயருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது.

அவள் அழவில்லை.
"அதுக்கு அடுத்த வரி இன்னாண்ணே?" என்றாள்.
கிண்டல் இல்லை.
படிக்கத் தெரியாதவள்,
யாராவது வாசித்தால்
கடைசிவரை கேட்டுப் பழகியவள்.
"முக்கியமானது இதுதாம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு
பீடத்தில் ஜாடிகள் காலி.
கோயில் பெருக்குகிற மோசஸ்தான் சொன்னார்:
சனிக்கிழமை ராத்திரி அந்த அம்மாதான்
சம்பங்கி கொண்ணாந்து வெக்கும்,
பதினோரு வருஷமா, காசு வாங்காது.
அதே கூடைதான் சார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
தேவவரம் அண்ணன் பாரிமுனை போய்
பிளாஸ்டிக் ரோஜா வாங்கிவந்தார்.
வாடாது என்றார்.
பில்லை மறக்காமல் கொடுத்தார்.

கரண்ட் போன ஒரு மதியம்
கத்தி பாதியில் நின்றது.
மெய்ப்புப் பார்க்க வைத்திருக்கும்,
மேலட்டை போன வேதத்தைத் திறந்து
அந்த அதிகாரத்தை
முதலிலிருந்து வாசித்தேன்.
என் வரி அங்கேதான் இருந்தது. ஆனால்
தனியாக இல்லை, குடியிருந்தது.
ஹவுசிங் போர்டு வீடு மாதிரி
மேலே ஆள், கீழே ஆள், பொதுச் சுவர்.
மேல்வீட்டில்
எல்லாம் தெரியும் என்று வீங்கிப் போகிறவனைப் பற்றிப் பேச்சு.
கீழ்வீட்டில்
கால் தளர்ந்த ஒருத்தன் இடறிவிடாமல்
யாரோ விளக்குப் பிடிக்கிறார்கள்.
என் பெயர் எங்கேயும் இல்லை.
இருந்தும்
யாராவது கவனிக்கிறார்களா என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் நடந்தே போனேன்.
மன்னிப்பு என்ற சொல்
டவுட்டன் வரைக்கும் வாயில் இருந்தது.
தாணா தெரு நெரிசலில்
எங்கோ கழன்றுவிட்டது.

"எத்தினி மொழம்ணே?"
யாரோ ஒரு வாடிக்கைக்காரனிடம் கேட்பதுபோல்.
"ஒண்ணு."
பூ வைக்கிற தலை என் வீட்டில் இல்லை.
அது அவளுக்கும் தெரியும்.

சரத்தை முழங்கையில் ஒட்டவைத்தாள்.
கையை மடக்காமல்,
நடுவிரல் நுனிவரை நீட்டினாள்.
முழம் அங்கே முடிந்தது.
நிறுத்தியிருக்கலாம்.
இன்னும் ஒரு சாண் விட்டு
நாரை அறுத்தாள்.